நிலத்தின் இயல்பும் நீலகண்டத்தின் ஆணையும்

கைத்தறி வீடுகளில் விசைத்தறி புகுந்தபோது எழுந்த கலக்கத்தை முன்பே கண்டிருக்கும் பள்ளிபாளையம், நாடா இல்லாமலே அதிவேகமாக நெய்யும் ஆட்டோலூம்கள் வந்துவிட்ட இக்காலத்தில், நாலு தறியும் எட்டுத் தறியும் வைத்துப் பிழைத்த குடும்பங்கள் அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசிக்க, மறுபடியும் அதே கலக்கத்தில் ஆழ்ந்திருக்கிறது. "சாமி பார்த்துக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதை நான் வெறும் சமாதான வார்த்தையாகக் கருதவில்லை. அதன் பூரணமான அர்த்தம், இங்கிருந்து வெகுதூரமில்லாத திருச்செங்கோட்டில் ஒருமுறை விளங்கியிருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் கொங்குநாட்டுக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர், அன்று கொடிமாடச் செங்குன்றூர் என வழங்கிய அத்தலத்தில் தங்கியிருந்த பனிக்காலத்தில், உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றியது என்றும், இது இந்நிலத்தின் இயல்பேயாயினும் நம்மை அணுகாது என்று அவர் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் பாட, அடியார்களை மட்டுமின்றி அந்நாட்டையே விட்டு அந்நோய் அகன்றது என்றும் சேக்கிழார் பாடுகிறார். திருநீலகண்டப் பதிகம் என்று நாம் ஓதும் அந்தப் பாடலோ, எல்லாம் வினைப்பயன் என்றறிந்தும் உய்யும் வழியை நாடாதிருப்பதைக் குறையென்றே கண்டிக்கிறது. சோலை வைப்பதையும் குளம் தோண்டுவதையும் பேசுகிறது. தனக்கென்று கேளாமல் அனைவருக்கும் சேர்த்தே அபயம் கேட்கிறது.

பள்ளிபாளையத்தின் கலக்கத்துக்கு அடியில் இருப்பது பயம்; அதன் வேர் முன்பணத்தில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போகமுடியாத தொழிலாளி, "தறிக்காரன் பிழைப்பே இப்படித்தான்" என்று சொல்லும்போது அவன் வாயிலாகப் பேசுவது பக்தியன்று, பயமே; ஆள் போய்விட்டால் தறி நின்றுவிடுமே என்று அந்தக் கடனால் அவனைக் கட்டிவைக்கும் உரிமையாளரையும் ஆட்டிவைப்பது அதே பயந்தான். நிலத்தின் இயல்பை ஒப்புக்கொண்டும் அதற்குப் பணியாத சம்பந்தப் பிள்ளையாரின் விசுவாசம் இவ்விருவருக்குமே வேண்டும் என்றாலும், முதலில் வேண்டியது கட்டியவருக்கு. ஈசுவரன் காப்பான் என்று உண்மையாகவே நம்புகிறவர் பிறனைக் கட்டிவைத்துத் தம்மைக் காத்துக்கொள்ள நினைப்பதெப்படி?

ஆகவே, தறியை விற்கிற உரிமையாளர், தொழிலாளியின் பாக்கியை அடுத்த பட்டறைக்கு மாற்றிவிடாமல் அன்றே தள்ளுபடி செய்துவிட வேண்டும். ஆட்டோலூம் வைத்தவர்கள், வெளியூர் ஆட்களைத் தேடுமுன், நாடாத்தறி ஓட்டிப் பழகிய கைகளுக்கு, பெண்கள் உட்பட, அவ்வேலையைக் கற்றுத்தர வேண்டும். வைகாசி விசாகத்துக்குத் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் தேர் இழுக்க இவ்விரு சாராரும் ஒரே வடத்தைப் பிடிக்கிறார்கள். பேச்சை அங்கேயே தொடங்கலாம்.