காயலான் கடைக்குப் போகாத மடிக்கணினி

பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பங்கள் பல வாழும் புதுச்சேரியில், விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் சென்ட்டுப் புட்டியும் சாக்லேட்டும் வருவது போலவே, அங்கே காலங்கடந்துவிட்டதாகக் கருதப்பட்ட மின்சாதனங்களும் வந்து சேருவதுண்டு. அவ்விதமாக என் சித்தப்பா கொண்டுவந்து, குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் பல வருஷங்கள் கிடந்த மடிக்கணினி ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு, சென்ற மாசி மாதத்தில் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அதைத் திறந்தும் பாராமல், ஒரு கையால் தூக்கி எடை பார்த்துவிட்டு, "சார், இது தேறாது, காயலான் கடையில போட்டுடுங்க. பழைய கேம்தானே ஆடணும்? புதுசா ஒண்ணு வாங்கிடுங்க, எல்லாமே அதுல ஓடும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

தீர்ப்பு அவருடையது மாத்திரமன்று. படித்தவர், படிக்காதவர், கணினியை விற்கிறவர், வாங்குகிறவர் ஆகிய எல்லோரிடத்திலும் இந்த அபிப்பிராயம் ஊறிக் கிடக்கிறது. யந்திரம் கிழடாகிவிட்டது, ஆகையால் சக்தியற்றது; புதிய யந்திரமோ பழையது செய்த வேலைகளையெல்லாம் செய்யும்; கடலோரத்து உப்புக்காற்றில் இருபது வருஷத்துச் சாதனம் பிழைத்திருக்காது; பிழைத்திருந்தாலும் பழைய ஆட்டங்களை ஓட்டுவது ஒருவகைத் திருட்டு; ஓட்டித்தான் என்ன பிரயோஜனம்? பூர்வபட்சம் இதுதான். ஒவ்வோர் ஆக்ஷேபத்திலும் இம்மியளவு உண்மை இருப்பதனாலேயே முழு வாதமும் உண்மை போலத் தோற்றுகிறது. பழைய ஆட்டங்கள் நின்றுபோனதற்கு முதுமை காரணமன்று, யாரோ சிலர் சில தேதிகளில் எடுத்த முடிவுகளே காரணம் என்பது என் கட்சி.

சக்தியைப் பற்றிய ஆக்ஷேபத்தை எடுத்துக்கொள்வோம். பரண்மேல் கிடந்த யந்திரத்தில் இருப்பது ஒன்றரை கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம் செயலி. நினைவகம் 512 மெகாபைட். அதில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி பிரெஞ்சு மொழியில் பேசுகிறது. 1993 டிசம்பர் 10 அன்று வெளியாகி உலகத்தையே உறங்கவிடாமல் அடித்த 'டூம்' என்னும் ஆட்டம் கேட்டது ஒரு 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமுமே. கிழடென்று இகழப்பட்ட இந்த யந்திரத்தில் அதைப்போல் 128 மடங்கு நினைவகம் இருக்கிறது. ஜோர்டன் மெக்னர் 1989இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' முதன்முதலில் ஓடிய ஆப்பிள் கணினிக்கு 128 கிலோபைட் நினைவகம் போதுமானதாயிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. சொல்லப்போனால் சங்கடம் சக்திக் குறைவினால் வருவதன்று, சக்தி மிகுதியினால் வருவது. அக்காலத்து ஆட்டங்கள் சில, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அளக்காமல், செயலி ஒரு சுற்றைச் சுற்றி முடிக்கும் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. அதனால்தான் பழைய மேசைக்கணினிப் பெட்டிகளின் முகப்பில், வேகமான யந்திரத்தை வேண்டுமென்றே மந்தமாக்குவதற்கென்று, 'டர்போ' என்ற முரணான பெயரோடு ஒரு பொத்தான் இருந்தது. டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றின் கதை இன்னும் விநோதமானது. தொடங்கும்போதே, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் எத்தனை சுற்றுச் சுற்றலாமென்று எண்ணிப் பார்த்து, அத்தொகையை ஐம்பத்தைந்தால் வகுப்பது அவற்றின் வழக்கம். செயலியின் வேகம் ஏற ஏற, வகுத்து வந்த ஈவு அதற்கென ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்து, 'பிழை 200' என்ற ஒற்றை வரியை எழுதிவிட்டு நிரல் மாண்டுபோகும். பென்டியம் இரண்டின் காலத்திலேயே இந்தச் சாவு தொடங்கிவிட்டது. என் கிழடே அந்நிரல்களுக்கு மிஞ்சிய குதிரை.

இதற்குரிய மருந்து 2002 முதல் இலவசமாகக் கிடைத்துவருகிறது. 'டாஸ்பாக்ஸ்' என்னும் நிரல், யந்திரத்துக்குள்ளே பழைய யந்திரமொன்றைப் பாவனையாகச் செய்து வைத்து, அதற்குச் சவுண்டு பிளாஸ்டர் ஒலியட்டையையும் பாவனையாகவே பொருத்தி, வேகத்தை மாத்திரம் நம் கையில் கொடுத்துவிடுகிறது. கன்ட்ரோலோடு எஃப் 11ஐ அழுத்தினால் ஆட்டம் தளரும், எஃப் 12ஐ அழுத்தினால் விரையும். ஆனால் பாவனைக்கும் ஒரு கூலி உண்டு. ஒரு யந்திரத்தை நடிக்க அதைப்போல் பலமடங்கு வலிமை வேண்டுமாகையால், பிரின்ஸ் வழுக்கிக்கொண்டு ஓடுகிற என் யந்திரத்தில், பின்னால் வந்த 'குவேக்' டாஸ்பாக்ஸுக்குள் திக்கித் திணறுகிறது. இந்த அளவுக்குக் கடைக்காரர் சொன்னது சரியே. ஆனால் பாவனையில்லாமலே ஓட வழியிருக்கிற ஆட்டங்களும் உண்டு. டூமின் மூலநிரலை அதைச் செய்த நிறுவனமே 1997 டிசம்பரில் வெளியிட்டுவிட்டது. அதைக்கொண்டு பிற்காலத்தார் ஆக்கிய 'சாக்லேட் டூம்' என் யந்திரத்தில் நேரடியாகவே ஓடுகிறது, விசிறிகூட இரைவதில்லை.

அடுத்தது, புதிய யந்திரத்தில் எல்லாம் ஓடும் என்ற வாக்கு. இது நேர்மாறான பொய் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பணத்தை இழக்கச் செய்வது இந்த வாக்குத்தான். 1990களில் நம் ஊர்க் கணினிப் பயிற்சி நிலையங்களில், ஆசிரியர் முதுகைத் திருப்பிய மறுகணம் திரைகளிலெல்லாம் தோன்றிய சிவப்புத் தொப்பிக்கார 'டேஞ்சரஸ் டேவ்' ஒரு 16 பிட் நிரல். இன்று விற்கும் மடிக்கணினிகளிலுள்ள 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுத்துவிடும். 64 பிட் முறையில் இயங்கும் செயலியிடம், பழைய 8086 போல் வேஷம் போடும் சௌகரியம் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அது மெய், ஆனால் பாதி மெய். அந்தச் சௌகரியம் அடியோடு இல்லாத ஆல்பா போன்ற வேற்றினச் செயலிகளில் விண்டோஸ் என்.டி. ஓடிய காலத்தில், அதே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அக்குறையை மென்பொருளாலேயே ஈடு செய்து கொடுத்திருந்தது. பிறகு செய்யாமல் விட்டது இயலாமையினாலன்று, வேண்டாமென்று முடிவு செய்ததனால். என் கிழட்டு யந்திரத்தின் எக்ஸ்பியோ டேவின் மேல் இருமுறை சொடுக்கியதும் கேள்வி கேட்காமல் ஓட்டுகிறது.

குறுந்தகட்டில் விலைகொடுத்து வாங்கிய ஆட்டங்களின் கதி இதனினும் பரிதாபம். நகலெடுப்பதைத் தடுக்க அவற்றுள் பலவற்றில் 'சேஃப்டிஸ்க்' என்ற காவல் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காவற்காரனே வீட்டுக்குள் திருடர் நுழையும் ஓட்டையாக ஆகிவிட்டானென்று கண்டு, 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தமொன்று விஸ்டாவிலும் ஏழிலும் எட்டிலும் அவனை முடக்கிவிட்டது. விண்டோஸ் பத்து அவனை உள்ளேயே விடவில்லை. பாதுகாப்பு நோக்கில் செய்தது நியாயமே. ஆயினும் காசு கொடுத்து வாங்கிய நல்ல தகட்டை வைத்துக்கொண்டு ஒருவன் விழித்துக்கொண்டு நிற்பதற்கு, அவனோ தகடோ கிழடானதா காரணம்? இதற்கும் முன்பே, 256 வண்ணங்களில் எழுதப்பட்ட 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விண்டோஸ் ஏழில் புல்லையும் தண்ணீரையும் கண்டபடி நிறம் மாற்றிக் காட்டியதும், டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரைக் கொன்றுவிட்டு ஆடினால் நிறம் சரியானதும் ஆடினவர்கள் அறிவார்கள். புதிய மடிக்கணினிகளில் தகட்டைச் செருகத் தட்டே கிடையாது என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பராமரிப்பு நின்றுவிட்டது, அதை வைத்திருப்பது அபாயமென்பார்கள். இணையத்தில் மாட்டினால் அபாயந்தான். மாட்டவில்லை, வேண்டியவை பென் டிரைவில் வருகின்றன.

உப்புக்காற்றுக்கு வருகிறேன். இந்த ஆக்ஷேபத்தை வேறெங்காவது கேட்டால் சிரித்துவிடலாம். குருசுக்குப்பத்தில் சிரிக்க முடியாது. அலைக்கும் வீட்டுக்கும் நடுவே மணல் இருந்த காலத்தை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது கருங்கற் குவியலில் அலை மோதித் தெறிக்கும் துளி ஜன்னல் கம்பியில் வந்து படிகிறது. கடல் கொண்டுபோய்விட்டது என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடல் கரையோரமாக வடக்கே நகர்த்திக்கொண்டிருந்த மணலை, 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலேயே மறித்துக்கொண்டதனால் வடக்கே உள்ள எங்களுக்கு மணல் வரவில்லை. பழியைக் கடலின் மேலும் காலத்தின் மேலும் போடுவது சௌகரியம்.

யந்திரத்தின் அடிப்பக்கத்து எட்டுத் திருகாணிகளில் இரண்டு துருவேறி அசைய மறுத்தன. தேங்காயெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்த பிறகு ஒன்று வந்தது, மற்றொன்றின் தலை தேய்ந்துபோயிற்று. உள்ளே நினைவகப் பலகையின் பொன்னிறப் பற்களில் பாசிபோல் மங்கல் படிந்திருந்தது. எதிர்வீட்டுப் பையனின் பென்சில் ரப்பரால் அதைப் பதமாகத் தேய்த்து, விசிறியில் கம்பளிபோல் அடைந்திருந்த தூசை எடுத்து, நாளும் நேரமும் நினைவில் நில்லாதபடி செத்துக் கிடந்த நாணய வடிவ மின்கலத்தை மாற்றினேன். திரை ஒளிர்ந்தது. உப்பு கெடுப்பது மெய். ரப்பரால் தீர்கிற கெடுதலுக்கு மரண தண்டனை விதிப்பதுதான் அக்கிரமம்.

திருட்டு என்ற குற்றச்சாட்டில் எதிர்க்கட்சிக்குப் பாதி வெற்றியை நானே கொடுத்துவிடுகிறேன். கடையில் விற்கவில்லை, ஆகவே யாரும் எடுத்துக்கொள்ளலாமென்ற நியாயம் சட்டத்தில் இல்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பாவித்து, ஆசிரியர் காலமான பிறகும் 60 ஆண்டு உரிமை தருகிறது; பிரின்ஸ் பொதுச்சொத்தாகும் நாளை நான் காணப் போவதில்லை. ஆனால் அதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலை முறைப்படி கைவசம் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்துவதற்கும், அழியாமற் காக்கும் பொருட்டும் நகலெடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. சித்தப்பா பாரிஸில் வாங்கிய பிரின்ஸின் நெகிழ்வட்டு, அட்டைப் பெட்டியோடு பரணிலேயே இருந்தது. இரவல் வாங்கிய யுஎஸ்பி நெகிழ்வட்டுப் பெட்டியில் இரண்டாம் முயற்சியில் அதைப் படிக்க முடிந்தது. டூமின் முதற் பகுதியோ யாரும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாமென்றே வெளியிடப்பட்டது. மெக்னருடைய கதையையும் இங்கே நினைக்கலாம்: தொலைந்துபோனதாகக் கருதியிருந்த ஆப்பிள் மூலநிரலின் தட்டுகளை, ஆட்டத்துக்கு இசையமைத்தவரும் தந்தையுமானவர் 2012இல் வீட்டிலிருந்து கண்டெடுத்துக் கொடுக்க, மகன் அதை உலகம் படிக்க வெளியிட்டுவிட்டார். அவர்கள் வீட்டிலும் ஒரு பரண் இருந்திருக்கும் போலிருக்கிறது.

பிரயோஜனம் என்ன என்ற கேள்விக்கு வாதத்தால் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் மாலைதோறும் வருகிறான். பிரெஞ்சு விசைப்பலகையில் ஏயும் க்யூவும் இடம் மாறியிருக்க, டூமோ விசையின்மேல் எழுதியிருப்பதைப் பாராமல் அது இருக்கும் இடத்தையே பார்க்கிறதென்பதை நான் சொல்லித் தரவில்லை. சாகாவரம் தரும் ரகசியச் சொல் எத்தனை முறை அடித்தும் பலிக்காமற் போக, க்யூவுக்குப் பதில் ஏ என்று எழுதிய விசையைத் தட்டிப் பார்த்து, "மாமா, இந்த கீபோர்டு பொய் சொல்லுது" என்று கண்டுபிடித்தவன் அவனே.

யந்திரத்தின் பாட்டரி அடியோடு போய்விட்டதால் மின்சாரம் உள்ளவரைதான் அதற்கு உயிர். பிரின்ஸில் இளவரசியைக் காப்பாற்றக் கொடுத்திருக்கும் அவகாசம் அறுபதே நிமிஷம். எட்டாம் கட்டம்வரை வந்துவிட்ட ஒரு மாலையில் தெரு முழுதும் விளக்கு அணைய, அவன் வாய்விட்டு அழாத குறை. கன்ட்ரோலோடு ஜியை அழுத்தினால் ஆட்டம் பத்திரமாகுமென்று அன்றுதான் சொன்னேன். மறுநாள் ஒவ்வொரு கதவைத் தாண்டியதும் அதை அழுத்தினான். அம்மா கூப்பிட்டபோது ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தவன், வாசற்படிவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறையும் அழுத்திவிட்டுப் போனான்.