பவுனின் காவலன், கூலியின் காலன்!

“நாணய விவகாரம் நிபுணர்களின் சமாசாரம்; அதில் அரசியல் கிடையாது; கூலிக்காரனுக்கு அங்கே என்ன வேலை?” என்று முதலாளிகளின் பத்திரிகைகள் ஓயாமல் ஓதுகின்றன. இந்த உபதேசத்தின் யோக்கியதை என்ன? மாண்டேகு நார்மன் என்ற பிரிட்டிஷ் பிரபுவின் சரித்திரத்தைப் பார்த்தால் போதும், தோழர்களே!

1871-ல் பிறந்தவர் இவர். பாட்டனார் இருவருமே பாங்க் ஆப் இங்கிலாந்தின் டைரக்டர்கள்; தாய்வழிப் பாட்டனார் அதன் கவர்னராகவும் இருந்தவர். படித்தது செல்வச் சீமான்களின் ஈட்டன் பள்ளியில். 1920 முதல் 1944 வரை, 24 ஆண்டுகள், இவரே அந்தப் பாங்கின் கவர்னர். அக்காலத்தில் அது சர்க்கார் பாங்கு அல்ல. பங்குதாரர்களின் தனிச் சொத்து. அந்த 24 ஆண்டுகளில் ஆறு பேர் பிரதம மந்திரி நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நார்மன் மட்டும் அசையவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவர் ஜனங்களில் ஒருவர்கூட இல்லை!

1925-ல் நிதிமந்திரி சர்ச்சில், நார்மனின் யோசனைப்படி, பவுனைத் தங்கத்தோடு மீண்டும் பிணைத்தார். முதல் உலக யுத்தத்திற்கு முந்திய பழைய விலையே நிர்ணயிக்கப்பட்டது: ஒரு பவுனுக்கு 4.86 டாலர். இது சுமார் பத்து சதவிகிதம் அதிகம் என்று பொருளாதார நிபுணர் கெயின்ஸே அந்த ஆண்டில் எச்சரித்தார்.

இதன் அர்த்தம் என்ன? பிரிட்டிஷ் நிலக்கரி அயல்நாட்டுச் சந்தையில் ஒரே நாளில் விலையேறிவிட்டது. விற்க வேண்டுமானால் அடக்க விலையைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது? பாங்கியின் வட்டியையா? நிலப்பிரபு வாங்கும் சுரங்க வாடகையையா? இல்லை, கூலியைத்தான்! பவுனில் கடன் கொடுத்தவனின் பணத்துக்கு மதிப்பு ஏறியது. சுரங்கத் தொழிலாளியின் ரொட்டி குறைந்தது.

“கூலியில் ஒரு பென்னி குறையக்கூடாது, வேலையில் ஒரு நிமிடம் கூடக்கூடாது” என்று தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1926 மே மாதம் முதலாளிகள் சுரங்கங்களைக் கதவடைத்தார்கள். பொது வேலைநிறுத்தம் வெடித்தது. ஒன்பது நாளில் தலைவர்கள் பணிந்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர்களோ நவம்பர் வரை பட்டினியோடு போராடினார்கள். கடைசியில் குறைந்த கூலிக்கும் கூடுதல் நேரத்துக்கும் திரும்ப நேர்ந்தது.

1931-ல் நெருக்கடி முற்றியது. நார்மன் நோய்வாய்ப்பட்டு ஓய்வில் கிடந்தார். அவருடைய பாங்கு ஓயவில்லை. கடன் வேண்டுமானால் செலவை வெட்டு என்று நெருக்கியது. வேலையில்லாதவனின் உதவித் தொகையில் பத்து சதவிகிதம் வெட்டும் கேள்வியில் தொழிற்கட்சி மந்திரிசபை உடைந்தது. பிரதமர் மாக்டொனால்டு கன்சர்வேட்டிவ்களோடு கைகோத்து அந்த வெட்டை நிறைவேற்றினார். சம்பள வெட்டை எதிர்த்துச் செப்டம்பரில் இன்வர்கார்டனில் கடற்படை மாலுமிகளே வேலைக்கு மறுத்தார்கள். சில நாட்களில், செப்டம்பர் 21-ல், பவுன் தங்கத்தைக் கைவிட்டது. எந்தத் தங்கத்திற்காக ஏழையின் வயிற்றில் அடித்தார்களோ, அந்தத் தங்கமே போயிற்று. வானம் இடிந்து விழவில்லை! ஆனால் வெட்டிய காசு உடனே திரும்பி வந்ததா? இல்லை.

அதோடு நிற்கவில்லை. நம் ரூபாயை 18 பென்ஸ் விகிதத்தில் பவுனோடு கட்டிப்போட்டது பிரிட்டிஷ் சர்க்கார். விளைபொருள் விலை சரிந்தது. வரியும் கடனும் சரியவில்லை. இந்தியக் குடியானவன் வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்கும் விலைக்கும் போயின. அந்தத் தங்கம் பம்பாயிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போய் பவுனைத் தாங்கியது.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக் நகரில் புகுந்தது. பாஸல் நகரின் சர்வதேச பாங்கியின் பெயரில் லண்டனில் இருந்த செக்கோஸ்லோவேகியாவின் தங்கத்தில் சுமார் 56 லட்சம் பவுன் மதிப்புள்ளது ஜெர்மன் ரைக்ஸ்பாங்கின் கணக்குக்கு மாற்றப்பட்டது. 2013-ல் வெளியான பாங்கின் சொந்த வரலாறே இதைச் சொல்கிறது. சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு பென்னி தர மறுத்த கை, நாஜிக்குத் தங்கம் மாற்றித் தரத் தயங்கவில்லை!

“அவர் யோக்கியர், சொந்தப் பைக்காக எதுவும் செய்யவில்லை” என்பார்கள். இருக்கட்டும். அதுதான் விஷயம்! திருடனாக இருந்தால் ஆளை மாற்றினால் போதும். நார்மன் தம் வர்க்கத்துக்கு யோக்கியமாக உழைத்தார். அந்த வர்க்கம் 1944-ல் அவரைப் பிரபுவாக்கியது. 1950-ல் அவர் இறந்தார்.

பாங்கு 1946-ல் தேசியமயமாயிற்று. பங்குதாரர்களுக்கு நஷ்டஈடாகச் சர்க்கார் பத்திரம் கிடைத்தது. தேசியமாக்கிய அதே தொழிற்கட்சியின் சர்க்கார் 1997-ல் வட்டியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைப் பாங்கிடமே ஒப்படைத்தது. பெயர் “சுதந்திரம்”. யாரிடமிருந்து சுதந்திரம்? ஓட்டுப் போடும் ஜனங்களிடமிருந்து!

ஆகவே, “நாணயத்தைக் காக்கத் தியாகம் செய்யுங்கள்” என்று எவன் சொன்னாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: யாருடைய நாணயம்? யாருடைய தியாகம்?