பழைய வேட்டியில் ஒரு வியாபாரம்

தொண்டைமானாற்றில் ஒரு வீட்டுக்குச் செற்றித் துணி மாதிரிகளுடன் போயிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாகப் புடவை வியாபாரம் செய்கிறேன். மாதிரிப் புத்தகத்தைத் திறந்த பின் ஒரு யாரும் விற்காமல் திரும்பியது குறைவு. அன்று திரும்பினேன்.

"நானா, துணி நல்லாத்தான் இருக்கு. இந்த விலைக்கு வாங்கினா, பேந்து இந்தப் பழஞ் செற்றிக்கு ஏன் உறை?" என்று அந்தப் பெண் கேட்டார். மறுமொழி வரவில்லை. செற்றி முதிரை மரம். உறைதான் நைந்திருந்தது. மெஷினருகே பழைய திரைச்சீலைகளும் தகப்பனின் வேட்டிகளும் வெட்டிக் கிடந்தன.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதும், அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமானதும் நமக்கு மறக்காது. பின்னர் பணவீக்கம் குறைந்தது. ஏறிய விலைகளோ பழைய இடத்துக்கு வரவில்லை. செற்றி உறை பலருடைய பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது.

நம்மில் பலர் பழந்துணியைப் போட்டிக்காரனாகப் பார்க்கிறோம். "பழசு ஆறு மாதம் தாங்காது" என்று நானும் சொன்னவன்தான். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் போனபோது, பழைய சாரங்களை ஒட்டுப்போட்டு உம்மா தைத்த விரிப்பு எத்தனை வருடம் உழைத்தது! கடை வைத்ததும் அது மறந்துவிட்டது.

வெயில் பட்ட திரைச்சீலை மடிப்போரம் இற்றிருக்கும் என்பது உண்மை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு, கை வைக்கும் இடத்துக்கு இரட்டைத் துணி கொடுத்தால் தாங்கும். புதுப் பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். பலமுறை கழுவிய பழசு பெரிதாகச் சுருங்காது. இதைப் புடவைக் கடைக்காரன் எவனும் வாயால் சொல்லமாட்டான். தொண்டைமானாற்றின் உப்புக் காற்றில் இரும்புச் சிப் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால் அவர் நாடா வைத்தே தைத்திருந்தார்.

அந்த நாடாவும் நூலும் எலாஸ்டிக்கும் உள்துணியும் அவர் வேறு கடையில் தேடி வாங்கியவை. என் கடையில் அவை ஒரு மூலையில் கிடக்கின்றன. ஒரு தையற்காரரை இருத்தி, "உங்கள் துணியில் உறை தைத்துத் தரப்படும்" என்று பலகை போட்டால் கூலி வரும், முதல் முடங்காது. றோல் ராக்கையில் தூங்கலாம், அதற்குக் கொடுத்த செக் தூங்காது.

"பேந்து எங்கட துணியை யார் வாங்குவது?" என்கிறான் மகன். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய வேட்டியோடு வருபவர் புதுத் துணி வாங்க வரவே மாட்டாதவர். கூலியை மட்டும் மணிக்கணக்கில் பேசுங்கள். துண்டுகளைப் பொருத்தவே பாதி நாள் போகும். புதுத் துணிக்கான கூலியைச் சொன்னால் கையைச் சுடும்.

வரும் கிழமை அதே வீட்டுக்கு நாடாவும் நூலும் கொண்டு போகிறேன். மாதிரிப் புத்தகம் வானிலேயே இருக்கும்.