குழந்தையின் கண்ணீருக்கு ‘ஆபாசம்’ என்றா பெயர்?

ஒரு கொடுமைக்கு எப்பெயர் இடப்படுகின்றதோ, அப்பெயரின் அளவிற்கே மக்கள் அதனை வெறுப்பர். களவை ‘எடுத்துக் கொள்ளல்’ என்று வழங்கும் ஊரில் கள்வன் நாணுவதில்லை. குழந்தைகளைச் சிதைத்து எடுக்கப்பெற்று இணையத்தில் உலவும் படங்களைத் தமிழ் நாளிதழ்கள் ‘குழந்தைகள் ஆபாசப் படம்’ என்றே எழுதி வருகின்றன. ஆபாசம் என்னும் வடசொல்லுக்கு அம்மொழியிலேயே பொருள் போலித் தோற்றம் என்பது. ஈண்டுச் சிதைந்ததோ ஓர் உயிருள்ள குழந்தையின் உடல். அது தோற்றமும் அன்று; போலியும் அன்று.

2024 செப்டம்பர் 23-இல் இந்திய உச்ச நயன்மன்றம் வழங்கிய தீர்ப்பு இப்பெயர்க் கேட்டைச் சுட்டிக் காட்டியது. ஆங்கிலத்தில் வழங்கிவரும் பழைய பெயர், இருவர் இசைந்து செய்ததொன்று போன்ற மயக்கத்தைத் தருகின்றது என்றும், இனி அதனை விடுத்து ‘குழந்தைப் பாலியற் சுரண்டல், வன்கொடுமைப் பதிவு’ எனப் பொருள்படும் பெயரையே மன்றங்கள் ஆளுதல் வேண்டும் என்றும், சட்டத்திலும் அவ்வாறே திருத்துவது பற்றி நாடாளுமன்றம் எண்ணுதல் வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. சொல் திருந்தினாலன்றிக் கருத்துத் திருந்தாது என்பதை நாட்டின் முதன்மை மன்றமே ஒப்புக்கொண்டது.

அத்தீர்ப்பிற்கு அடியான வழக்குத் தமிழ்நாட்டது. 2020-இல் அம்பத்தூரில், கைப்பேசியில் இத்தகு படங்களைப் பதிவிறக்கி வைத்திருந்ததாக ஓர் இளைஞர்மீது வழக்குப் பதிவாயிற்று. தனித்துப் பார்த்ததும் வைத்திருந்ததும் மட்டுமே குற்றமாகா என்று கூறி, 2024 சனவரியில் சென்னை உயர் நயன்மன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. உச்ச நயன்மன்றம் அம்முடிபைத் தவறென்று நீக்கி, வழக்கை மீண்டும் உசாவலுக்கு அனுப்பிற்று.

இனிச் சட்டம் கூறுவது யாது? பாலியற் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மூன்று படிகளை உடையது. பிறர்க்குப் பகிரும் எண்ணத்துடன் இப்பதிவுகளை அழிக்காமலும் காவல்துறைக்கு அறிவியாமலும் வைத்திருப்போர்க்கு 5,000 உருபாவிற்குக் குறையாத தண்டம்; மீண்டும் செய்யின் 10,000-க்குக் குறையாத தண்டம். பரப்புதற்கென்று வைத்திருப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ உண்டு. விற்றுப் பொருளீட்டவென்று வைத்திருப்போர்க்கு மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ. மறுமுறை செய்யின் ஐந்து முதல் ஏழாண்டு வரை சிறையும் தண்டமும். உண்மையில் அனுப்பியிருத்தல் வேண்டுவதில்லை. அழியாமலும் அறிவியாமலும் வைத்திருந்த நிலையிலிருந்தே எண்ணத்தை உய்த்துணரலாம் என்பது தீர்ப்பின் கருத்து.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆ பிரிவு இன்னும் கடியது. இத்தகு பதிவுகளைப் படைத்தலும், வெளியிடுதலும், தேடிப் பார்த்தலும், பதிவிறக்குதலும், குழந்தையை இணையவழி நயந்து பழகிப் பாலியற் செயலுக்கு ஈர்த்தலும் அதன்படி குற்றம். முதன்முறை ஐந்தாண்டு வரையும், மறுமுறை ஏழாண்டு வரையும் சிறை. 10 இலக்கம் உருபா வரை தண்டம்.

ஒறுப்பு சிறைவாயிலோடு முடிவதில்லை. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற அரசுப் பணியாளரைத் துறை உசாவலின்றியே நீக்குதற்கு அரசமைப்பின் 311-ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஈராண்டுக்குக் குறையாத சிறை பெற்றவர் தேர்தலில் நிற்கும் தகுதியை இழப்பர். 2018-இல் தொடங்கிய பாலியற் குற்றவாளிகளின் நாடளாவிய பதிவேட்டிலும் பெயர் ஏறும். அது காவல்துறையினர் மட்டுமே காணத்தக்கது. ஒரு நொடிப் பொழுதின் கீழ்மைக்கு ஒரு வாழ்நாளே விலையாதல் உண்டு.

ஆயினும், குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. இச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு, குற்றமனம் உண்டென்றே மன்றம் முதற்கண் கொள்ளுமாறு பணித்து, இல்லையென மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப் பெற்றவர்மேல் ஏற்றுகின்றது. அச்சுமைக்கு முன், அடிப்படைச் செய்திகளை அரசுத் தரப்பு நிறுவுதல் வேண்டும். இத்துணைக் கடிய சட்டத்தின்கீழ் நிற்பவரைத் தீர்ப்புக்கு முன்னரே தெருவில் தீர்த்துக் கட்டுவது அறமாகாது. அம்பத்தூர் வழக்கிலும் உச்ச நயன்மன்றம் உசாவலை உயிர்ப்பித்ததேயன்றிக் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை.

அதனினும் பெரிய அறம் குழந்தையின்பாலது. அதன் பெயரையோ, படத்தையோ, பள்ளியையோ வெளியிடும் செய்தித்தாளுக்கும் இச்சட்டத்தில் சிறையுண்டு. குற்றம் நிகழ்ந்தது அறிந்தும் அறிவியாதோர்க்கு ஆறுமாதம் வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ உண்டு. ‘குடும்பப் பெயர் கெடும்’ என்று மூடி மறைக்கும் தாய்தந்தையரும், ‘பள்ளிப் பெயர் கெடும்’ என்று வாய்மூடும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கெடுவது பெயரன்று, குழந்தை.

இத்தகு படம் கைப்பேசிக்குத் தானே வந்து சேரினும், அதனைப் பிறர்க்கு அனுப்பிச் ‘சினந்து’ காட்டுதலும் பரப்புதலேயாம். உடனே காவல்துறைக்கு அறிவித்தலே கடன். இடருற்ற குழந்தைக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு.

தமிழ் நாளிதழ்கள் இன்றே அப்பழஞ்சொல்லைக் கைவிடுக! ‘குழந்தை வன்கொடுமைப் பதிவு’ என்று எழுதுக! படிப்பவன் நெஞ்சு அச்சொல்லால் ஒருமுறை சுடட்டும். சுட்ட நெஞ்சு அப்படத்தைத் தேடாது. தேடுவோனை மறைக்கவும் மறைக்காது.