இல்லறச் சோலை: புகை மூடும் மாதங்கள்



நம் பங்குகளில் பல வீடுகளின் சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்திற்குச் சற்றுத் தள்ளி, கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் நிழற்படமும் தொங்கக் காண்கிறோம். மகன் சிங்கப்பூரில் கட்டடப் பணியில் இருப்பான். மகள் கோலாலம்பூரில் மணமுடித்து வாழ்வாள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவர்களுடன் பேசும்போது 'புகைமூட்டம்' என்ற சொல் சில ஆண்டுகளில் அடிக்கடி காதில் விழும். "இங்கே கொஞ்சம் புகைமூட்டம் அம்மா, வேறொன்றுமில்லை" என்பான் மகன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் இருமுவதைத் தாய் கேட்டுவிடுவாள். அன்றிரவு அவளுக்கு உறக்கம் ஏது?

அத்தகைய தாய்மாருக்காகவும், அங்கே கைக்குழந்தையுடன் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று திகைக்கும் இளம் பெற்றோருக்காகவும் இம்மாதம் எழுதுகிறோம். இது குறித்து அளவுக்கு மீறி அஞ்சுவோரும் உண்டு; ஒரு பொருட்டாகவே எண்ணாதோரும் உண்டு. இரு சாராருக்கும் உண்மை நிலை தெரிவது நல்லது.

புகை எங்கிருந்து வருகிறது?

மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடும் புகையின் பெரும்பகுதி இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவிலிருந்தும், போர்னியோத் தீவின் கலிமந்தான் பகுதியிலிருந்தும் வருவதாகும். அங்குள்ள சதுப்புக் காடுகளில் விழுகின்ற இலைகளும் மரங்களும் நீரில் மூழ்கிக் கிடப்பதால் முற்றிலும் மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து, பல மீட்டர் ஆழமுள்ள கருமண்ணாகியிருக்கின்றன. ஈரம் இருக்கும்வரை அம்மண் எளிதில் தீப்பற்றாது. ஆனால் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகவும், காகிதக் கூழ் மரங்களுக்காகவும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், நிலம் முழுவதுமே எரிபொருளாகிவிடுகிறது. நம் கிராமங்களில் வறட்டி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சுவாலை தெரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், புகைக்கோ குறைவிராது. அந்த மண்ணும் அவ்வாறே நிலத்தடியில் வாரக்கணக்கில் எரிகிறது. பெருமழை பெய்தாலொழிய முற்றிலும் அணைவதில்லை. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் தென்மேற்குக் காற்று அப்புகையைக் கடலுக்கு அப்பால் கொண்டு சேர்க்கிறது.

இதில் மனிதரின் அவசரபுத்திக்குப் பெரும் பங்குண்டு. 1990-களின் நடுவில், அன்றைய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், நடுக் கலிமந்தானின் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. எதிர்பார்த்த நெல் விளையவில்லை, நிலந்தான் உலர்ந்தது. 1997-இல் 'எல் நினோ' வறட்சி வந்தபோது அந்நிலமும் பற்றியெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கின் கூச்சிங் நகரில் காற்று மாசுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. அம்மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

பின்னரும் பலமுறை இத்துன்பம் திரும்பியது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் குறியீடு 401-ஐ எட்டியது. 2015-இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. அதனால் அந்நாட்டுக்கு நேர்ந்த இழப்பை 1,600 கோடி டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரின் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. 2019-லும் கடும் புகை சூழ்ந்தது. எனினும் எல்லா ஆண்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மழை தவறாத ஆண்டுகளில் வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

உடலுக்கு நேரும் தீங்கு

கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் வெளியே தெரியும் துன்பங்கள். அவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மில்லிமீட்டரை நானூறு கூறாக்கினால் வரும் ஒரு கூறே 2.5 மைக்ரோமீட்டர். அந்த அளவும் அதனினும் சிறியவுமான துகள்கள் புகையில் நிறைந்துள்ளன. மூக்கிலுள்ள மயிரும் சளியும் அவற்றைத் தடுத்துவிட முடியாது. அவை நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள்வரை செல்கின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. ஆகவே ஆஸ்துமா உள்ளவர்க்கு மட்டுமின்றி, இதயநோய் உள்ளவர்க்கும் இது ஆபத்து. குழந்தைகளும், கருவுற்ற தாய்மாரும், முதியோரும் மிகுந்த கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

புகையின் அளவை மூக்கால் மதிப்பிடலாகாது. சிங்கப்பூர் அரசு வெளியிடும் குறியீட்டில் 50 வரை நல்ல காற்று. 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை உடல்நலத்திற்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. அதற்கு மேல் ஆபத்து. மலேசியாவிலும் இதையொத்த குறியீடு உண்டு. காலையில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல, அம்மாதங்களில் குறியீட்டைப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

வீடு முழுவதையும் காப்பது இயலாதபோது ஓர் அறையையேனும் காத்துக்கொள்ளுங்கள். குறைந்த சன்னல்கள் உள்ள அறையைத் தேர்ந்து, இடுக்குகளை அடைத்து, குழந்தைகளும் முதியோரும் அங்கேயே உறங்கும்படி செய்யலாம். குளிர்சாதனம் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்காதவாறு இயக்குங்கள். வசதியுள்ளோர் 'ஹெப்பா' வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மிப்பான் வாங்கலாம். அது அந்த அறையின் அளவிற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். ஓசோன் வாயுவை வெளியிடும் கருவிகள் வேண்டாம். அவ்வாயுவே நுரையீரலைத் தாக்கும். குறியீடு இறங்கிய நேரத்தில் சன்னல்களைத் திறந்து அறைக்குப் புதுக்காற்றை விடுங்கள்.

வெளிப்புகையை அடைத்துவிட்டு வீட்டிற்குள்ளேயே புகை எழுப்புவதில் பொருளில்லை. அந்நாட்களில் எண்ணெயில் பொரிப்பதையும் தாளிப்பதையும் குறைத்து, இட்லி, புட்டு, கஞ்சி என ஆவியிலும் நீரிலும் வேகும் உணவை ஆக்கலாம். துடைப்பத்தால் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கலாம். ஊதுவத்தி, சாம்பிராணி, மெழுகுவர்த்தி ஆகியவற்றையும் ஒதுக்கிவைக்க வேண்டும். குடும்பச் செபமாலையை ஒரு சிறு மின்விளக்கின் முன் சொன்னால் தேவ அன்னை முகம் சுளிக்கமாட்டார். மூச்சுத் திணறும் பிள்ளையின் முன் புகை போடுவதைத்தான் எந்தத் தாயும் பொறுக்கமாட்டார்.

வெளியே நீண்டநேரம் இருக்க நேர்ந்தால் 'என்95' வகை முகக்கவசம் பயன்தரும். அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. துணிக் கவசமும் ஈரக் கைக்குட்டையும் நுண்துகளைப் போதிய அளவு தடுப்பதில்லை. இக்கவசம் அணிந்து மூச்சுவிடுவது சற்றுக் கடினமாதலால், இதய, நுரையீரல் நோயுள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டு அணிவது நன்று.

ஆஸ்துமா உள்ளவர்கள் புகைக்காலம் வருமுன்பே மருத்துவரைக் கண்டு, எந்த நிலையில் எம்மருந்தை எவ்வளவு எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நோய் வராமல் தடுக்கும் உறிஞ்சு மருந்தை, உடல் நன்றாயிருக்கிறதே என்று நிறுத்திவிடுவது பெரும் தவறு. வெல்லம் தின்றால் நெஞ்சுத்தூசி இறங்கும் என்றும், வாழைப்பழம் தின்றால் நுரையீரல் தூய்மையாகும் என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அவை நல்ல உணவுகளே. ஆனால் இரைப்பைக்குச் செல்வது நுரையீரலைக் கழுவாது. குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலும், பேச முடியாமல் மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பூத்தாலும் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆலயமும் கடமையும்

ஆரோக்கிய அன்னையின் திருவிழா செப்டம்பர் 8 அன்று வருகிறது. அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரும் கொடியேற்றி, நவநாள் செய்து கொண்டாடுகின்ற நாட்கள் புகைக்காலத்திலேயே அமைகின்றன. குறியீடு உயர்ந்திருக்கும்போது தேர்ப்பவனியைச் சுருக்கிக்கொள்வதோ, ஆலயத்திற்குள்ளேயே வைத்துக்கொள்வதோ பக்திக் குறைவு ஆகாது.

ஞாயிறு திருப்பலிக்குச் செல்லாவிடில் பாவமாயிற்றே என்று மனம் கலங்கும் முதியோர் உண்டு. நோயுற்றோரும், கைக்குழந்தையைப் பேணுவோரும், அத்தகைய தக்க காரணமுள்ள பிறரும் அக்கடமையிலிருந்து விலக்குப் பெறுகின்றனர் என்பதே திருச்சபையின் போதனை. இளைப்பு நோயுள்ள பாட்டி புகையில் நடந்துவந்து படுத்துவிடுவதை ஆண்டவர் கேட்கவில்லை. பங்குத்தந்தைக்குச் சொல்லியனுப்பினால் வீட்டிலேயே நற்கருணை பெற வழியுண்டு.

பிள்ளையை ஊருக்கு அனுப்பலாமா?

பல குடும்பங்களில் கணவன் மனைவிக்கிடையே மனத்தாங்கலை உண்டாக்கும் கேள்வி இது. "என் பேரனை என்னிடம் அனுப்பிவிடு" என்று இங்கிருந்து பாட்டி அழுவாள். பொதுவாக நலமாயிருக்கும் பிள்ளையைச் சில வாரப் புகைக்காகப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளியையும் கெடுக்கத் தேவையில்லை என்பதே நம் எண்ணம். மருந்து முறையாக எடுத்தும் இளைப்பு அடங்காத பிள்ளையாயினும், அடைத்துக் காக்க ஓர் அறைகூட இல்லாத வீட்டிலுள்ள பச்சிளங்குழந்தையாயினும், மருத்துவரைக் கலந்து சில வாரங்கள் வேறிடம் அனுப்புவது அறிவுடைமையே.

ஆனால் பாட்டிமார் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நம்மூர்க் காற்றைப் பேரன் நம்பி வருகிறான். இங்கே விறகடுப்பின் புகையும், தெருமுனையில் எரிக்கப்படும் நெகிழிக் குப்பையும், தாத்தாவின் பீடியும் காத்திருந்தால் அவனை அழைத்ததில் என்ன பயன்? அழைக்குமுன் நம் முற்றத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.

அங்குள்ள மகன்களுக்கும் ஒரு சொல். அம்மா கவலைப்படுவாள் என்று நோயை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால் அடுத்தமுறை நீங்கள் நலம் என்று சொல்லும்போதும் அவள் நம்பமாட்டாள். இங்குள்ள தாய்மாரும், "வேலையை விட்டுவிட்டு வந்துவிடு" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதிருங்கள். வாங்கிய கடன் முழுவதும் அவன் தோளில் இருக்கலாம். மருந்து எடுக்கிறாயா, கவசம் தந்தார்களா, இரவில் உறங்கும் அறையில் புகை வருகிறதா என்று கேளுங்கள். கேள்வி தெளிவாயிருந்தால் பதிலும் உண்மையாய் வரும்.

அடைக்கச் சன்னல் இல்லாதோர்

மேலே கூறியவையெல்லாம் வீடும் சன்னலும் உள்ளவர்க்கே பொருந்தும். சாரத்தின் மீது நின்று கம்பி கட்டும் தொழிலாளிக்குச் சன்னல் ஏது? நம் வாசகர்களில் அங்கே தொழில் நடத்துவோரும் மேற்பார்வையாளராக இருப்போரும் உண்டு. குறியீடு உயரும் நாளில் கடினமான வெளிவேலையைக் குறைப்பதும், கவசமும் ஓய்வும் தருவதும் அவர்கள் கையில் உள்ளது. வீட்டில் பணிபுரியும் பெண்ணை அந்நாளில் வெளிமாடம் கழுவ அனுப்பாதிருப்பதும் பிறரன்பே.

எல்லாரினும் மிகுதியாக வருந்துவோர் தீயின் அருகே வாழ்வோர்தாம். 2015-இல் நடுக் கலிமந்தானின் தலைநகரான பலங்கராயாவில் குறியீடு 2,000-ஐத் தாண்டியது. அவ்வாண்டு இந்தோனேசியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூச்சுநோய்க்கு ஆளாயினர். பலங்கராயா ஒரு கத்தோலிக்க மறைமாவட்டமுங்கூட. நாம் புசிக்கும் அதே அப்பத்தைப் புசிக்கும் சகோதரர் அங்கே புகைக்குள் திருப்பலி கண்டனர்.

அவர்களுக்கும் நம் அடுக்களைக்கும் தொடர்புண்டு. உலகிலேயே மிகுதியாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. எல்லா எண்ணெயும் எரித்த நிலத்தில் விளைந்ததன்று. பங்கீட்டுக் கடையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெயை வாங்கும் ஏழைத் தாயைக் குறை கூறுவது நம் நோக்கமும் அன்று. எனினும் எண்ணெயை வீணாக்காமல் அளவாகப் புழங்குவது உடலுக்கும் நல்லது, அந்நாட்டுக் காட்டுக்கும் நல்லது.

நாடுகளும் வாளாவிருக்கவில்லை. எல்லை கடந்து வரும் புகையைத் தடுக்கத் தென்கிழக்காசிய நாடுகள் 2002-இல் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தோனேசியா 2014-இல் அதை ஏற்றது. அதே ஆண்டில் சிங்கப்பூர் தனிச் சட்டம் இயற்றியது. உலர்ந்த சதுப்பு நிலங்களை மீண்டும் ஈரமாக்க 2016-இல் இந்தோனேசியா ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. சட்டம் இயற்றுவது எளிது, நிறைவேற்றுவது கடினம் என்பதையும் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இளமையில் நோயுற்று நுரையீரலின் ஒரு பகுதியை இழந்தவர். மூச்சின் அருமையை உடலால் அறிந்த அவர், படைப்பைப் பேணுவது குறித்துத் தம் சுற்றுமடலை 2015-இல் வெளியிட்டார். அவ்வாண்டே செப்டம்பர் முதல் நாளைப் படைப்பைப் பேணுவதற்கான செப நாளாகவும் அறிவித்தார். அந்நாள் தொடங்கி அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறோம். புகைமூட்டம் பெரும்பாலும் மிகுவதும் அதே வாரங்களில்தான்.

மண்ணால் வனைந்த மனிதனின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் உரைக்கிறது. ஒவ்வொரு மூச்சும் அவர் கொடையே. ஆகவே இம்மாதங்களில் குடும்பச் செபத்தின் முடிவில், கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்காகவும், அவர்களோடு சாரத்தில் நிற்கும் பிற நாட்டுத் தொழிலாளருக்காகவும், பலங்கராயாவின் குழந்தைகளுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் மகனைத் தொலைபேசியில் அழைத்து, மருந்து எடுத்தானா என்று மறவாமல் கேளுங்கள்.