டிரம்முக்குள் மூழ்கிய ஹோஸ்... குடிநீருக்கே ஆபத்து!

உரம் கரைத்த டிரம்முக்குள் ஹோஸ் முனையைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவது பல வீடுகளில் வழக்கம். அந்த நேரம் பார்த்து தெருவில் சப்ளை நின்றாலோ, பக்கத்து வீட்டில் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தாலோ (செய்யக் கூடாதுதான், ஆனால் நடக்கிறதே!) குழாய்க்குள் அழுத்தம் குறையும். ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவது போல, உரத்தண்ணீர் ஹோஸ் வழியே குடிநீர் லைனுக்குள் ஏறிவிடும். மறுபடி தண்ணீர் வரும்போது அது உங்கள் சமையலறைக் குழாயிலும் வரலாம்.

சும்மா பயமுறுத்தல் இல்லை. 1933-ல் சிகாகோ ஹோட்டல்களில் பழுதான பிளம்பிங் வழியாகக் கழிவுநீர் குடிநீரில் கலந்ததில், அமீபா சீதபேதி பரவி 98 பேர் இறந்தார்கள்.

தடுக்கக் காசே வேண்டாம். ஹோஸ் முனை டிரம் விளிம்புக்கு மேலேயே நிற்கட்டும். ஹோஸ் விட்டத்தைப் போல இரு மடங்கு இடைவெளி வேண்டும். முக்கால் அங்குல ஹோஸ் என்றால் ஒன்றரை அங்குலம்.

ஸ்பிரிங்ளர், சொட்டுநீர்க் குழாய்கள் மண்ணிலேயே கிடப்பதால் இந்த வழி அங்கே எடுபடாது. அவற்றுக்குத் தனித் தொட்டியிலிருந்து தண்ணீர் கொடுப்பதே நல்லது. ‘நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதும்’ என்று பிளம்பர் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உள்ளே மணல் துகள் சிக்கினால் அது சரியாக மூடாது.