பட்டு மனையில் பகைவன், பக்கத்து வயலில் நண்பன்



உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் இல்லங்களுக்குத் தாங்கள் சென்றதுண்டா? ஐந்தாம் பருவத்தில் புழுக்கள் மல்பெரி இலையைத் தின்னும் ஓசை, கூரைமேல் தூறல் விழுவது போல் கேட்கும். நூறு முட்டைத் தொகுதிகளுக்கு நாற்பதாயிரம் புழுக்களுக்குக் குறையாது. அவற்றிற்கு இலை போடும் கைகளில் பாதிக்கு மேல் பெண்களின் கைகளாகவே இருக்கும்.

கூடு கட்டுவதற்குச் சில நாட்களே இருக்கையில், சில புழுக்கள் இலையை வெறுத்துத் தட்டின் விளிம்பில் நிலைகொள்ளாமல் ஊர்ந்து திரியும். கணுக்களுக்கிடையே உடல் வீங்கும். தொட்ட மாத்திரத்தில் தோல் கிழிந்து பால் போன்ற நீர் கசியும். இதுவே பால்புழு நோய். ஒரு மாத உழைப்பு சில நாட்களில் குப்பைக்குழிக்குப் போய்விடும்.

இதனை உண்டாக்குவது பாக்குலோவைரஸ் என்னும் நச்சுயிரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. கோல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அமைந்த பெயர், வடிவமும் கோலே. பல கோல்கள் ஒரு புரதப் படிகத்துள் பொதிந்து, வெயில் படாத மண்ணிலும் சுவரிடுக்கிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். புழு அதனை இலையோடு விழுங்கினால், குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து நச்சுயிரி வெளிப்படும். வந்தபின் மருந்தில்லை. ஆதலின் ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னும் பின்னும் 2 சதவீத ப்ளீச்சிங் பவுடரும் 0.3 சதவீத நீற்றிய சுண்ணாம்பும் கலந்த நீரால் மனையைக் கழுவுதல் வேண்டும். நோயுற்ற புழுக்களைக் கோழிக்குப் போடாமல், பொறுக்கியெடுத்துச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். கை கழுவாமல் இலை தொடுவதும் கூடாது. இந்த ஒன்றில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள்.

இனி, பக்கத்து வயலுக்கு வாருங்கள். தக்காளியையும் கொண்டைக்கடலையையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவைக் கொல்ல, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நச்சுயிரியைத் தெளிக்கிறார்கள். என்.பி.வி. என்பது அதன் வழக்குப் பெயர். ஏக்கருக்கு, நோயுற்ற 100 புழுக்களிலிருந்து பெறும் அளவு போதும். சூரிய ஒளி அதனைச் சிதைத்துவிடும். எனவே மாலையில் தெளிப்பது வழக்கம். செத்த புழுக்கள் செடியின் நுனியில் தலைகீழாகத் தொங்கும்.

"வைரஸைத் தெளித்தால் எங்கள் பட்டுப்புழுவும் சாகாதா?" என்று ஒரு தாய் அஞ்சுவது இயல்பே. சாகாது. காய்ப்புழுவின் நச்சுயிரி காய்ப்புழுவையே பற்றும். பட்டுப்புழுவின் நச்சுயிரி வேறு. மனிதரையும் கால்நடையையும் இவை தாக்குவதில்லை. மெய்யாகவே அஞ்சத்தக்கது, பக்கத்து வயலில் அடிக்கும் இரசாயன மருந்து காற்றில் மிதந்து மல்பெரி இலையில் படிவதுதான். அந்த இலையைத் தின்ற புழு பிழைப்பதரிது. ஆகவே, அண்டை வயல்காரர் காய்ப்புழுவுக்கு இரசாயனத்தை விட்டு என்.பி.வி. தெளிக்கிறார் என்றால், பட்டு வளர்ப்போருக்கு அது நற்செய்தி.

இன்னொரு வியப்பும் உண்டு. 2018 முதல் நம் மக்காச்சோளத்தை அழித்துவரும் படைப்புழுவை அறிவீர்கள். அவ்வினப் பூச்சியின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றுள் பாக்குலோவைரஸைச் செலுத்தித்தான் கோவோவாக்ஸ் என்னும் கொரோனா தடுப்பூசியின் புரதத்தை உண்டாக்கினர். புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த அதற்கு 2021 டிசம்பரில் நம் நாட்டில் அவசரகால அனுமதி கிடைத்தது.

தட்டின் விளிம்பில் ஊரும் முதற்புழுவைக் கண்டவுடன் அதனைத் தனியே எடுத்துவிடுங்கள். படுக்கையில் மருந்துத் தூளைத் தூவிவிட்டு, அதன்பின் அடுத்த வேளை இலையைப் போடுங்கள்.